பொய் சாட்சி சொல்லும் கதவு விளக்கு

பழைய மோட்டார் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. புது வண்டிக்கு மாதத் தவணை கட்டும் சக்தி எல்லோருக்கும் இருப்பதில்லை. இருந்தாலும், பிள்ளைகளின் படிப்பையும் ஊரிலுள்ள பெரியவர்களின் வைத்தியத்தையும் முன்னிட்டு அதை வேறு வழியில் செலவிடுவோரே அநேகர். ஆகவே யாரோ பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டுக் கைமாற்றிய வண்டியை வாங்கி, வாரத்துக்கு ஒரு நாள் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ கோவிலுக்கும், வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குமாக ஓட்டி வருகிறோம். புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு வழியாகச் செல்லும் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மும்பைக்கும் சென்னைக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அதற்கும் தெற்கே போகிறவர்களுக்குப் பயணம் இன்னும் ஒரு பகல் நீளும். அவ்வளவு தூரம் நம் பெண்டு பிள்ளைகளைத் தாங்கிச் செல்லும் வண்டியின் ஓர் அற்பமான உறுப்பைப் பற்றி எழுதவே இப்போது முன்வந்தோம். கதவு சாத்தியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று விளக்குக்குத் தெரிவிக்கும் சின்ன ஸ்விட்சுதான் அது.

வண்டி பழசானால் முதலில் கெடுவது எஞ்சின் அல்ல, இம்மாதிரிச் சில்லறைகளே. நான்கு கதவுகளையும் இறுகச் சாத்திவிட்டோம். ஆயினும் கூரையிலுள்ள விளக்கு அணைய மறுக்கிறது. அல்லது ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகையில், கதவு திறந்த கார் போன்ற சிவப்புச் சித்திரம் இடைவிடாமல் எரிகிறது. சில வண்டிகளில் அதோடு ஒரு மணியும் சேர்ந்துகொண்டு, மூளையைத் துளைக்கும் ஓசையை எழுப்பிக்கொண்டே வருகிறது. மத்தியப் பூட்டு உள்ள வண்டியானால், கதவு திறந்திருப்பதாக எண்ணிக்கொண்டு பூட்ட மறுப்பதும் உண்டு.

இதை வெறும் தொல்லை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கு அது கைவந்த வேலை. கூரை விளக்கின் பல்பு 10 வாட் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட் பாட்டரியிலிருந்து அது 0.8 ஆம்பியருக்குச் சற்று அதிகமாக இழுக்கும். சிறிய கார்களின் பாட்டரி சுமார் 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது. புது பாட்டரியாகவே இருந்தாலும் நாற்பது மணி நேரத்தைச் சற்றே தாண்டியதும் முற்றிலும் வற்றிவிடும். எஞ்சினைக் கிளப்பும் வலிமையை அதற்கு வெகு முன்பாகவே இழந்துவிடும். மூன்று வருஷம் உழைத்த பாட்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு நிறுத்திய வண்டியை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஊரிலிருந்து வரும் மாமியாரை அழைத்துவரத் தாதர் ஸ்டேஷனுக்கு எடுக்கப் போனால், சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஓசையோடு சரி. பல்பை மாற்றி எல்.இ.டி. போட்டுவிட்டால் மின்சாரச் செலவு குறையும் என்பது மெய்தான். ஆனால் நோய் அப்படியே இருக்க, அதன் செலவைத்தான் குறைத்திருப்போம்.

இந்த இடத்தில்தான் மெக்கானிக்கின் குறுக்கு வழி வந்து சேருகிறது. "இதற்கெல்லாம் எதற்கு சார் செலவு? வயரை வெட்டிவிட்டால் தீர்ந்தது" என்பார். இரண்டு நிமிஷ வேலை. விளக்கு அணைந்துவிடும், மணி ஓய்ந்துவிடும், பாட்டரியும் பிழைத்துவிடும். காசும் பெரிதாகக் கேட்கமாட்டார். நாமும் அவரை ஒரு மேதையென்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புவோம்.

நம் சங்கத்து அன்பர் ஒருவர், ஒர்க்‌ஷாப் ஒன்றில் இவ்வாறு வெட்டப்பட்ட வண்டியில்தான் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டார். பின் ஆசனத்தில் அவருடைய தாயாரும் ஆறு வயதுப் பெண் குழந்தையும் இருந்தனர். புனேயைத் தாண்டி ஒரு கடையில் தேநீர் அருந்திவிட்டு ஏறும்போது, தாயாரின் கைப்பையிலிருந்த தடித்த வார் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டது. கதவு சாத்திக்கொண்டது போலத்தான் இருந்தது. ஆனால் அது பூட்டின் முதற்படியிலேயே நின்றுவிட்டது. கம்பட்கி மலைப்பாதையில் ஏறும்போது காற்று விசிலடிக்கும் ஓசை கேட்டதாம். ஜன்னல் கண்ணாடி சரியாக ஏறவில்லை போலும் என்று அன்பர் எண்ணிக்கொண்டார். ஏனெனில் கதவு என்றால் விளக்கு எரிந்திருக்க வேண்டுமே! வளைவு ஒன்றில் குழந்தை அந்தக் கதவின் மீது சாய்ந்தாள். கதவு அசைந்ததைக் கண்ட பாட்டி பேத்தியின் சட்டையைப் பிடித்துத் தம் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வண்டியை நிறுத்தும்படி கூவினார். ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. எனினும் அன்பர் இதை நமக்குச் சொன்னபோது, கையிலிருந்த காப்பி ஆறிப்போகும் வரை குடிக்கவில்லை.

கதவுப் பூட்டுக்கு இரண்டு படிகள் உண்டு என்பதைப் பலர் அறியார். காரின் கதவை மெல்லச் சாத்தினால் ஒரு 'க்ளிக்', சற்று அழுத்தினால் இன்னொரு 'க்ளிக்' கேட்கும். முதற்படியில் கதவு தொங்கிக்கொண்டு நிற்கும். இரண்டாம் படியில்தான் முழுதும் பூட்டும். முழுப்பூட்டு தவறினாலும் கதவு பறந்து திறந்துவிடாதிருக்கவே அந்த முதற்படியை ஏற்படுத்தினார்கள். அமெரிக்காவின் 206-ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி இவ்விரண்டு நிலைகளையும் தனித்தனியே குறிப்பிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு இழுப்பைத் தாங்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. முதற்படி தாங்க வேண்டிய பலம் இரண்டாவதைவிடக் குறைவே. அது அவசரத்துக்குப் பிடித்துக்கொள்ளும் கை. பிரயாணம் முழுவதும் அதை நம்பிப் போகலாகாது. அந்த அரைகுறைச் சாத்தலைக் கண்டு சொல்வதற்காகவே பலகையில் சிவப்பு விளக்கை வைத்தார்கள். பின் ஆசனத்துக் கதவைத் திரும்பிப் பார்க்க முடியாத ஓட்டுநருக்கு அது ஒன்றே சாட்சி.

நாம் ரயில்வேயில் குமாஸ்தா. சிக்னல் பிரிவில் உள்ள நண்பர்களோடு பழகியதில் ஒரு தத்துவத்தைக் கற்றோம். தண்டவாளத்தில் ரயில் நிற்பதை அறிவிக்கும் மின்சுற்று ஒன்றை அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். ஒரு துண்டுத் தண்டவாளத்தின் ஒரு முனையில் பாட்டரி. மறு முனையில் ரிலே என்னும் கருவி. பாதை காலியாக இருக்கும் வரை தண்டவாளத்தின் வழியே மின்சாரம் ஓடி ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் வந்தவுடன் அதன் சக்கரங்கள் இரு தண்டவாளங்களையும் இணைத்து மின்சாரத்தை வழிமறிக்க, ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். இதிலுள்ள சூட்சுமம் யாதெனில், கம்பி அறுந்தாலும், பாட்டரி தீர்ந்தாலும், தண்டவாளமே முறிந்து பிரிந்தாலும் அதே ரிலே விழும், அதே சிவப்பு எரியும். கருவி கெட்டால் 'ஆபத்து' என்று சொல்லுமேயன்றி, 'வழி காலி' என்று சொல்லாது. மும்பையில் 2017-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி ஓடத் தொடங்கிய குளிர்சாதன உள்ளூர் ரயிலிலும் இதே எச்சரிக்கையைக் காணலாம். எல்லாக் கதவுகளும் சாத்தியாயிற்று என்று தெரிந்த பிறகே அந்த வண்டி நகரும்.

பழைய காரின் கதவு ஸ்விட்சு இதற்கு நேர்மாறாக அமைந்தது. கதவு திறந்தால்தான் அதில் மின்சாரம் ஓடும், சாத்தினால் அறுபடும். ஆகவே கம்பியைத் துருப்பிடித்து எலி கடித்தாலும், மெக்கானிக் வெட்டினாலும், விளக்குக்கு அது 'கதவு சாத்தியிருக்கிறது' என்ற செய்தியாகவே போய்ச் சேரும். இத்தகைய ஸ்விட்சு இரண்டு விதமாகப் பொய் சொல்ல வல்லது. சாத்திய கதவைத் திறந்தது என்று சொல்வது ஒன்று. அதனால் பாட்டரி போகும், தூக்கம் போகும். திறந்த கதவைச் சாத்தியது என்று சொல்வது மற்றொன்று. கம்பியை வெட்டுகிறவர் முதற் பொய்யை நீக்கி, அந்த இடத்தில் இரண்டாவதைக் குடியேற்றுகிறார். நமக்கு உள்ள ஆட்சேபம் இதுவே.

இனி, வெட்டாமல் சீர்செய்வது எப்படி என்று பார்ப்போம்.

1983 டிசம்பர் முதல் 2014 ஜனவரி வரை உற்பத்தியாகி நம் தேசத்தின் தெருக்களை நிறைத்த மாருதி 800-ஐப் போன்ற எளிய வண்டிகளில், கதவு வந்து பொருந்தும் தூணில் ரப்பர் மூடியிட்ட ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். கதவு சாத்தும்போது அது உள்ளே அமுங்கும். கூரை விளக்கிலிருந்து வரும் ஒற்றைக் கம்பி அதன் முதுகில் செருகப்பட்டிருக்கும். மறு இணைப்பு வண்டியின் இரும்பு உடலே; ஸ்விட்சைப் பிடித்திருக்கும் ஒரே திருகாணிதான் எர்த். மழைநீரும் தூசியும் உள்ளே புகுந்து குமிழ் சிக்கிக்கொண்டால் விளக்கு அணையாது. திருகாணியில் துரு ஏறி எர்த் கெட்டால் விளக்கு எரியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நனையும் மும்பை வண்டிகளுக்கு இரண்டுமே சகஜம்.

முதலில் கூரை விளக்கின் மூன்று நிலைப் பொத்தான் நடுவில், அதாவது கதவுக்கு உரிய நிலையில், இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் அதைத் தள்ளிவிட்டிருக்க, கதவைக் கழற்றி ஆராய்ந்த பெரியவர்கள் உண்டு! அது சரியாயிருந்தால், ஒரு கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு குமிழை விரலால் ஆழ அமுக்குங்கள். விளக்கு அணைந்தால் ஸ்விட்சு குற்றமற்றது. கதவுதான் அதைப் போதிய அளவு தொடவில்லை. அணையாவிட்டால் மற்றக் கதவுகளிலும் இவ்வாறே ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். எல்லா ஸ்விட்சுகளும் ஒரே விளக்குக்குப் பக்கவாட்டில் இணைந்தவை ஆதலால், ஒன்று கெட்டாலும் போதும், விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும்.

சந்தேகத்துக்குரிய ஸ்விட்சின் திருகாணியைத் திருப்புளியால் கழற்றி, மெல்ல வெளியே இழுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: கம்பியை உருவியவுடன் அது தூணின் துளைக்குள் நழுவிப் போய்விடும், பிறகு அதைத் தூண்டில் போட்டு எடுப்பது அரை நாள் வேலை. ஆகையால் உருவுமுன் ஒரு துணி கிளிப்பை அதில் மாட்டிவிடுவது உசிதம். கம்பி எதையும் தொடாமல் தனித்து நிற்கையில், மற்றக் கதவுகள் சாத்தியிருந்தால், விளக்கு அணைய வேண்டும். அதன் உலோக நுனியை வண்டியின் வெற்று இரும்பில் தொட்டால் எரிய வேண்டும். இரண்டும் நடந்தால் கம்பி நலமாயிருக்கிறது, நோயாளி ஸ்விட்சே என்று தீர்மானிக்கலாம். மீட்டர் முதலிய கருவி ஏதும் இதற்கு வேண்டியதில்லை. ஆனால் ஸ்விட்சின் முதுகில் இரண்டு கம்பிகள் இருந்தால் இந்தத் தொட்டுப் பார்க்கும் வித்தையைச் செய்யாதீர்கள், ஃப்யூஸ் போய்விடக்கூடும். காற்றுப்பை பொருத்திய வண்டிகளில் மஞ்சள் உறையிட்ட கம்பிகள் தென்பட்டால் அவற்றின் பக்கமே கை போகலாகாது.

கழற்றிய ஸ்விட்சைத் துடைத்து, குமிழ் தானாக வெளியே துள்ளி வருகிறதா என்று பாருங்கள். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைப் பீய்ச்சி, இருபது முப்பது தடவை அமுக்கி விட்டால் பாதி ஸ்விட்சுகள் உயிர் பெற்றுவிடும். திருகாணியையும் அது பதியும் துளையின் ஓரத்தையும் நயமான உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சிட்டதும் திருகி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவினால் அடுத்த மழைக்காலம் வரை துரு அண்டாது. ரப்பர் மூடி கிழிந்திருந்தாலோ, உள்ளே சுருள்வில் தளர்ந்திருந்தாலோ புது ஸ்விட்சு வாங்கிவிடுவதே மேல். பழைய வண்டியின் உதிரி உறுப்புகளில் இதைவிட மலிவானவை அதிகம் இல்லை.

சற்றுப் பிற்காலத்து வண்டிகளில் தூணில் குமிழே இராது. ஸ்விட்சு கதவின் உள்ளே, பூட்டோடு பூட்டாக ஒளிந்திருக்கும். பழைய கிரீஸ் இறுகித் தூசியோடு சேர்ந்து பசையாகி, அந்த நுண்ணிய ஸ்விட்சைச் சிக்கவைப்பதே அங்கு வழக்கமான நோய். கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, அதன் விளிம்பில் தெரியும் கொக்கியைத் திருப்புளியால் இரண்டு 'க்ளிக்' கேட்கும் வரை தள்ளினால், கதவு சாத்தியதாக வண்டி நினைத்துக்கொள்ளும். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால், துருநீக்கும் திரவத்தை நீண்ட குழல் வழியே பூட்டுக்குள் பீய்ச்சி, கொக்கியைத் தள்ளுவதும் கைப்பிடியை இழுத்து விடுவிப்பதுமாகப் பலமுறை செய்யுங்கள். அநேகமாக அன்றே குணம் தெரியும். ஆனால் அத்திரவம் உள்ளிருந்த கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும் ஆதலால், காய்ந்தபின் வெள்ளை லித்தியம் கிரீஸ் சிறிது இட்டாக வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள்தாம் மூன்றே மாதத்தில் "வந்த நோய் திரும்ப வந்தது" என்று குறைப்படுவார்கள்.

முக்கியமாக மறக்கலாகாத ஒன்று: சோதனை முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பின்னரே கதவைச் சாத்த வேண்டும். மூடிய கொக்கியோடு அறைந்து சாத்தினால் தூணிலுள்ள இரும்பு வளையத்தில் மோதிப் பூட்டே சிதைந்துபோகும்.

இவ்வளவிலும் குணமாகாத கதவுக்கு, கீலின் அருகே தூணிலிருந்து கதவுக்குள் செல்லும் ரப்பர் குழாயை விலக்கிப் பார்க்க வேண்டும். பல்லாயிரம் தடவை வளைந்து நிமிர்ந்த கம்பிகள் அங்கேதான் உறை கிழிந்தோ அறுந்தோ கிடக்கும். அதற்கு மேல், பூட்டையே மாற்றுவதென்றால் உள்பலகையைக் கழற்ற வேண்டும். அது தேர்ந்த கையின் வேலை. பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறியாமல் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் மழைநீர் காலடி விரிப்புக்கு வந்துவிடும்.

கதவு போதிய அளவு தொடாததே குறை என்று கண்டால், சிலர் குமிழ் படும் இடத்தில் சைக்கிள் டியூபின் துண்டொன்றை ஒட்டிவிடுகிறார்கள். ரப்பர் மூடி தேய்ந்ததற்கு அது நல்ல வைத்தியம்தான். ஆனால் துண்டு தடித்துவிட்டால், கதவு முதற்படியில் நிற்கும்போதே குமிழ் அமுங்கி, விளக்கு அணைந்துவிடும். கம்பியை வெட்டியதற்கும் இதற்கும் அப்போது வித்தியாசம் இல்லை. கீல் தளர்ந்து கதவு தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பாதி திறந்த கதவின் நுனியை இரு கைகளாலும் தூக்கினால் ஆட்டம் தெரியும். கீல் சரியாயிருந்தால், தூணிலுள்ள இரும்பு வளையத்தைச் சற்றே உட்புறம் நகர்த்த இடமுண்டு. தளர்த்துமுன் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால், வந்த வழி தெரியாமல் விழிக்க நேராது.

எந்த வைத்தியம் செய்தாலும் கடைசியில் ஒரு பரீட்சை வைக்க வேண்டும். பலகையில் விளக்கு உள்ள வண்டியானால், சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவையும் முதல் 'க்ளிக்' மட்டும் கேட்கும்படி மெல்லச் சாத்துங்கள். விளக்கு எரிய வேண்டும். பிறகு முழுதும் அழுத்துங்கள், அணைய வேண்டும். இது நான்கு கதவுகளுக்கும் நடக்க வேண்டும். டிக்கியின் கதவையும் அந்த விளக்கோடு சேர்த்திருக்கும் வண்டிகளில் அதற்கும் இதே பரீட்சை. மற்றக் கதவெல்லாம் தேறி, குழந்தை உட்காரும் பக்கத்துக் கதவு மட்டும் தவறினால், வேலை முடியவில்லை என்றே கொள்க.

தாமே செய்ய நேரமில்லாதவர்கள் ஒர்க்‌ஷாப்பில் விடுவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் சாவியைக் கொடுக்கும்போதே, "தார் மத் காட்டியே, ஸ்விட்ச் பதல் தீஜியே" என்று சொல்லிவிடுங்கள். கம்பியை வெட்டாதீர்கள், ஸ்விட்சை மாற்றிக் கொடுங்கள் என்று பொருள். முடிந்தால் அரை மணி அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருங்கள். முன்பு எவரேனும் வெட்டிப்போட்ட கம்பி தூணுக்குள் கிடந்தால், அதையும் தேடி எடுத்து இணைக்கச் சொல்லுங்கள். நாம் மேலே கூறிய அன்பரின் வண்டியில், வெட்டிய நுனிக்குக் கறுப்பு நாடாவைச் சுற்றி உள்ளே தள்ளியிருந்தார்கள். அதைப் பிரித்துப் புது ஸ்விட்சில் செருகுவதற்கு மெக்கானிக் எடுத்துக்கொண்டது கால் மணி நேரம்.